பழ டோனட்டும் இரண்டாவது அடுப்பும்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெரு முழுக்க இது தெரிந்துபோனது. நான் டம்ளரை வைக்கிற சத்தத்தைக் கேட்டே எதிர்வீட்டுக்காரர், "இன்னாப்பா, காலையிலேயே வூட்ல சூடா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்பாராம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கரண்ட் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்ததே என் வாயால்தான் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு பட்டுத் தறி. மூத்தவரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, என்னைவிடப் பத்து வயது பெரியவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு இரண்டு பெண்கள். ஆக ஆறு பேருக்கும் ஒரே அடுப்பு. அக்கா சமைப்பாள். நான் நறுக்குவேன், அரைப்பேன், கழுவுவேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவில் "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. வீட்டுக்குள் இரண்டாவதாக ஓர் அடுப்பு வந்தால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். தறியும் சுவரும் பிறகு மெதுவாகப் பிரியும். முதலில் பிரிவது சோறு. அதற்கப்புறம் ஒரே வாசலில் இரண்டு கோலம் விழும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், அக்காவுக்கு வேறு வேலை இருந்ததால் நான் புளிக்குழம்பு வைத்தேன். அக்கா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சுவைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டுக் கிளறிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்! நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், செய்யாரில் கம்பெனி வேலையில் இருந்த என் தம்பிக்குப் போன் போட்டேன். "பதினோரு வருஷமா இந்த வூட்ல மாடா உழைச்சிகினு கீறேன்டா. எனக்குன்னு ஒரு அடுப்பு இல்ல!" என்று கத்தினேன். வீடு திரும்பி இரண்டு நாளில் நான் அதை மறந்தும் போனேன்.

தம்பி மறக்கவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவன் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு கரண்ட் அடுப்பு கொடுத்தார்கள். வட்டமான அலுமினியப் பெட்டி, மூடியில் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி, கேக் சுடுகிற சாமான். ஓர் அறையில் தனியாக இருந்தவனுக்கு அது எதற்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, நடுக்கூடத்தில் இறக்கி வைத்தான்.

"இந்தாக்கா. இனிமே உனக்குன்னு ஒரு அடுப்பு. திருப்தியா?"

தறி இரண்டும் நின்றன. அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறந்த வீட்டிலிருந்து அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தம்பிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "ஐயோ, அது கேக்கு சுடறதுக்குக்கா" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயப்படட்டுமே என்று இருந்தது. புளிக்குழம்பு இன்னும் தொண்டையிலேயே நின்றது.

போதாக்குறைக்கு, அந்த அடுப்புக்குப் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் அது இருந்தது ஒரே இடத்தில், பின்கட்டில் தண்ணீர் மோட்டார் பக்கத்தில். அங்கே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் அடுப்பை வைத்தேன். சமையலறைக்கு வெளியே, தனியாக, ஸ்டூல்மேல் ஏறி உட்கார்ந்த அடுப்பு. பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

அடுப்போடு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு படம்: நடுவில் ஓட்டை போட்ட, பொன்னிறமான டோனட். பழமும் மசாலா வாசனைப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் பொரிக்காமல் சுடுவது. எனக்கு அந்தப் படத்தின் மேல் ஆசை விழுந்துவிட்டது. எண்ணெய் இல்லை என்பதும் ஒரு காரணம். பட்டு நெய்கிற வீட்டில் வடை தின்றால் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் இழையைத் தொட வேண்டும். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் புடவைக்குக் கேடு. அதனால் இரண்டு ஆண்களும் நாலு மணிக்கு வெறும் டீதான் குடிப்பார்கள். இது வந்தால் கையைத் தட்டிவிட்டுத் தறியில் உட்காரலாமே என்று நினைத்தேன்.

புத்தகம் ஆப்பிள் கேட்டது. எங்கள் ஊரில் அப்போது ஆப்பிள் வாங்கினால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு ஆப்பிளோடு தெருமுனை திரும்புவதற்குள் மூன்று பேர், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டுவிட்டார்கள். "எனக்குத்தான், மண்டையில" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் கடையில் கிடைத்தன. ஈஸ்ட்டை மட்டும் பேக்கரிக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு பொட்டலம் வாங்கினேன். "வெதுவெதுன்னு இருக்கற பால்ல போடும்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு எதிலும் அவசரம். கொதிக்கவைத்து இறக்கிய பாலில் கொட்டினேன். ஈஸ்ட் அங்கேயே செத்துவிட்டது. மாவு இரண்டு மணி நேரம் கிடந்தும் அசையவில்லை. அப்படியே சுட்டெடுத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "தறிக்குப் பாரம் கட்ட கல்லு தேடிகினு இருந்தேன். இன்னும் நாலு குடு" என்றார். அண்ணன்காரரும் தறியிலிருந்தபடியே சிரித்தார். சமையலறைக்குள் அக்காவும் சிரித்தாள் என்று பிறகு என் பெரிய பெண் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை. என் கோபத்தின் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். "தனியா போறீங்களாமே? பின்கட்டுலயா, இல்ல வேற வூடு பாத்துகினு கீறீங்களா?"

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? அதான் அடுப்பு வந்துடுச்சே."

"வந்துடுச்சு, அதுக்கு இன்னா இப்போ?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தனியாகப் போக எனக்கு விருப்பமா என்று யாராவது நிதானமாகக் கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. சில நாள் காலையில் வேண்டும் போலிருக்கும். சாயங்காலம் அக்கா என் பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுக்கும்போது வேண்டாம் போலிருக்கும். இரண்டும் மனதுக்குள் இருந்தன. வாயில் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, மறுபடியும் டோனட் செய்து பார்க்கலாம் என்று பட்டை, ஏலக்காய் தேடினேன். அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றேன். எங்கள் பழைய அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தம்புதிதாக இன்னொன்று இருந்தது. திறந்தால் கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் நிரப்பியிருந்தது. பட்டை, ஏலக்காய், ஒரு முழு ஜாதிக்காய், ஒரு துண்டு சுக்கு எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக மேலே. கீழ்த்தட்டில் மஞ்சள்பொடி இரண்டு டப்பா, மிளகாய்ப்பொடி இரண்டு டப்பா. எல்லாமே சரிபாதி.

ஓகோ, மூட்டை கட்டியே வைத்துவிட்டாளா? நாமாகப் போவதற்குள் துரத்தப் பார்க்கிறாளா? சரி, அவள் கொடுத்ததை வைத்தே செய்கிறேன் என்று அந்தப் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். பட்டையும் ஏலக்காயும் சுக்கும் உரலில் போட்டு இடித்த இடியில் மோட்டாரே அதிர்ந்திருக்கும். ஜாதிக்காயைத் துருவினேன். இந்தத் தடவை பாலில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் மிச்ச ஈஸ்ட்டைப் போட்டேன். மைதாவைக் கொட்டிப் பிசைந்தேன். விரல் விரலாக ஒட்டியது. இன்னும் மைதா போட்டேன். இன்னும் ஒட்டியது.

அக்கா துணி உலர்த்த வந்தாள். எங்களுக்குள் பேச்சு நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் டிரம்மைப் பார்த்துச் சொன்னாள்: "ஒட்டுதுன்னு மாவக் கொட்டிகினே போனா மறுபடியும் கல்லுதான் வரும். அடிச்சுப் பிசைஞ்சா தானா கைய வுடும்."

நானும் டிரம்மிடமே சொன்னேன். "தெரிஞ்சவங்க பிசையலாம். யாரும் கைய கட்டிப் போடல."

ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு தறிக்கும் ராட்டையில் நூல் சுற்றுகிற கை அது. பத்து நிமிஷம் அடித்து இழுத்து மடித்தாள். மாவு தட்டை விட்டுக் குழந்தைக் கன்னம் மாதிரி எழுந்து வந்தது. பழத்துண்டுகளையும் பொடியையும் உள்ளே வைத்து மடித்துவிட்டு, "மூடி வை" என்றாள் டிரம்மிடம்.

மாவு உப்பி வந்ததும் நான் வடை மாதிரி தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டேன். அதையும் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "எண்ணெயில போட்டா வடை உடனே வெந்துடும், ஓட்டை நிக்கும். இது மெதுவா வேவுது. வேவறதுக்குள்ள மூடிக்கும். ரெண்டு விரல் வுட்டு அகலமா சுத்து." அவளே ஒன்று செய்து காட்டினாள். இன்றைக்கும் நான் இரண்டு விரல்தான் விடுகிறேன்.

மூடியின் கண்ணாடி வழியாக இரண்டு பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம். வளையங்கள் உப்பி, ஓட்டை ஓட்டையாகவே நின்று, மேலே சிவந்தன. பட்டையும் ஏலக்காயும் வெந்த பழமும் சேர்ந்த வாசனை கூடம் வரைக்கும் போயிருக்க வேண்டும். கூப்பிடாமலேயே தறிகள் நின்றன. மேலே சர்க்கரை தூவச் சொல்லியிருந்தது புத்தகம். "சக்கரையெல்லாம் வேணாம், எறும்பு தறியில ஏறும்" என்றார் அண்ணன்காரர். தூவாமலேயே நன்றாக இருந்தது. வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சாகவும், கடித்த இடத்திலெல்லாம் பேரீச்சம்பழம். அடேயப்பா, என்ன சந்தோஷம் எனக்கு! என் வீட்டுக்காரர் மூன்று தின்றுவிட்டு, இரண்டு கையையும் தட்டி, "பாரு, எண்ணெயே இல்ல" என்று காட்டிவிட்டு நேராகத் தறியில் போய் உட்கார்ந்தார். பெண்கள் ஆளுக்கு ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

பின்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் மிச்சமிருந்தோம். அக்கா ஒரு டோனட்டைப் பிட்டுப் பிட்டு மெதுவாகத் தின்றாள். சந்தோஷமாக இருந்த அந்த நேரத்திலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"புதுப் பெட்டியெல்லாம் வாங்கி ரொப்பி வச்சிருக்கீங்க. எப்போ கிளம்பணும்னு சொன்னா நாங்களும் ஜல்தியா கிளம்பிடுவோம்."

அவள் முதல் தடவையாக டிரம்மை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "போறதுன்னு நீதானே முடிவு பண்ணே? தனியா போறவ மொத நாளே கடுகுக்கும் உப்புக்கும் பக்கத்து வூட்ல போய் நிக்கக் கூடாதுன்னு வாங்கி வச்சேன்."

நான் தட்டில் சிந்தியிருந்த துகள்களைக் கூட்டி ஒதுக்கினேன்.

"என்னிக்குன்னு மட்டும் ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடு" என்றாள்.

"ஏன், நல்ல நாள் பாக்கணுமா?"

"அதில்ல." கையிலிருந்ததைத் தட்டில் வைத்தாள். "நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப ஒம்போது பேரு. அப்புறம் ஏழு, அப்புறம் ஆறு. ரெண்டு பேருக்கு எம்மாம் அரிசி போடறதுன்னு எனக்குத் தெரியாதுடி. போட்டுப் போட்டுப் பாத்துத்தான் பழகணும்."

அழுகிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை. தெரியாத ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் கண் எரிந்தது. ஒரு வாரமாக நான் அவளைப் பயமுறுத்தி விளையாடிக்கொண்டிருந்தேன். அவளோ இரண்டே பேருக்கான சோற்றை நினைத்துக்கொண்டு எனக்காகக் கடுகு வாங்கியிருக்கிறாள்.

"யாரும் எங்கியும் போவல! நீங்க ஒண்ணும் அதப் பழக வேணாம்" என்றேன். சண்டை போடுகிற மாதிரிதான் வந்தது. எனக்கு வேறு குரல் கிடையாது.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆறு பேருக்கு அரிசி களைய எழுந்து போனாள்.