மண்டப வாசலில் அமர்ந்த எழுத்தாளர்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், மொன்றியல் டவுன்டவுனில் கறுப்பினப் பெண்களின் நாவல்கள் பற்றிய வகுப்பொன்றில் சேர்ந்தேன். மற்ற வகுப்புகள் நிரம்பிவிட்டன, அதுதான் காரணம். அந்த நாவல்களில் அடிக்கடி ஒரு பாடகி வருவாள். பட்டும் நகையுமாக மேடையேறுவாள். கேட்டது கிடைக்காவிட்டால் பாடமாட்டாள். பேராசிரியை அவளை 'டீவா' என்பார். உலகம் குனியச் சொல்லும்போது நிமிர்ந்து நிற்க அவளுக்குத் தெரிந்த வழி அது என்பார். நாங்கள் உருகிப்போய்க் குறிப்பெடுத்தோம். பின்வாசலால் வரச் சொன்னதற்காகப் பாட மறுத்த ஒருத்தியைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதினோம்.

அவள் வரும் நாவலை எழுதியவரையே பேச அழைத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் தங்கியிருந்தவரை மெற்றோவில் கூட்டிவருவது என் வேலை. ஊதாக் கோட்டு அணிந்த உயரமான பெண்மணி. "பெரிய மண்டபம்தானே?" என்று வழியில் கேட்டார். ஆம் என்றேன்.

வந்து பார்த்தால் மண்டபத்தை ஒரு பொருளியல் பேராசிரியருக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு நிலக்கீழ் அறை. எழுத்தாளர் சத்தம் போடவில்லை. மண்டப வாசலில் கிடந்த கதிரையில் கோட்டைக் கழற்றாமலே அமர்ந்தார்.

"எனக்குச் சொன்ன இடம் இது. காலியாகட்டும்."

டீவாவைப் போற்றி எழுதியவர்களின் முகங்கள் கடுத்தன. யாழ்ப்பாணத் தோழி என் காதுக்குள் சொன்னாள்: "இவ ஏனடி இப்பிடிப் பந்தா காட்டுறா?"

"நீதானே போன கிழமை அந்தப் பாடகி செய்தது சரியெண்டு கதைச்சனி?"

"ஓம், அது கதையில. இவ எங்களையெல்லோ காக்க வைக்கிறா."

கடைசியில் பேராசிரியையே என்னை அனுப்பினார், கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லும்படி. போய்ச் சொன்னேன். எழுத்தாளர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"என் நாவலை வாசித்தாயா?"

"வாசித்தேன்."

"அப்படியானால் உட்கார்."

பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். பேராசிரியையின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

பொருளியலுக்கு ஆள் சேரவில்லை, சீக்கிரமே முடித்துவிட்டார்கள். எழுத்தாளர் எழுந்து, கோட்டை என் கையில் தந்துவிட்டு மேடையேறினார். ஒலிவாங்கி வேண்டாம் என்றார். வாசிக்கத் தொடங்கியதும் இருமல் சத்தம்கூட நின்றுபோனது. முடிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையெழுத்து வாங்கும் வரிசையில் முதல் ஆள் என் தோழி.

"பந்தா எண்டாய்?"

"இப்பிடி வாசிப்பா எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த வருடமும் அவரை அழைத்தார்கள். இம்முறை பேராசிரியை மண்டபத்துக் கதவுப் பூட்டின் திறப்பை முதல் நாளே வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.