எடுப்பது நான், சொல்வது டாக்டர்

ஈ.சி.ஜி. எடுப்பது பார்ப்பதற்கு ஐந்து நிமிட வேலை. அதையே ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ரத்தம் எடுப்பவர்களே, எக்ஸ்ரே அறையில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

வலப்பக்க இதயம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. சிவப்புக் கவ்வி வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. மாற்றிப் போட்டுவிட்டேன். தாளில் முதல் கோடு தலைகீழாக வந்தது. இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி வரும் என்று படித்திருந்தேன். படித்ததைக் காட்டிக்கொள்ளும் வயசு வேறு. படுத்திருந்த சேலையூர் கணக்கு வாத்தியாரிடம், "சார், உங்களுக்கு இதயம் வலப்பக்கம் இருக்கு" என்று சொல்லியே விட்டேன்.

எங்கள் நிலையத்து டாக்டரம்மா தாளைப் பார்த்ததுமே என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். "எடுக்கிறது உன் வேலை, சொல்றது என் வேலை" என்று அன்றைக்குப் போட்ட உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது. வாத்தியார் கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, அரை மணி நேரமா வலது பக்கம் கையை வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன், அங்கேயும் துடிக்கத்தான் செஞ்சுது!"

வேண்டுதல்

நெஞ்சில் முடி அதிகம் இருந்தால் கம்பி மாட்டிய ரப்பர் கிண்ணம் ஒட்டாது. கொஞ்சம் மழிக்க வேண்டும். கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் ஒருவர் நான் ரேசரை எடுத்ததும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பாதி டப்பா ஜெல்லைக் கொட்டித்தான் எடுத்தேன். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது: "திருப்பதிக்கு வேண்டிக்கிட்டு முடி வளக்கறேன் மேடம், நெஞ்சு முடியும் அதுல சேருமா சேராதான்னு தெரியல, எதுக்கு வம்பு?"

என் முகம்

வாய் பேசக்கூடாது என்றால் எல்லோரும் முகத்தைப் படிக்கிறார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மணி மூன்று, நான் இன்னும் சாப்பிடவில்லை. திடீரென்று அவர் கண்ணில் நீர். இயந்திரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதுதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரத்தைக் கிளப்பிவிடுகிறது. பயந்தால் நரம்புகள் அதை விரட்டும், அதுவும் ஓடும். கொஞ்ச நேரம் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எனக்குப் பசிதான், வேறொன்றுமில்லை என்று விளக்கிய பிறகுதான் அடங்கியது. போகும்போது அந்த அம்மா சொன்னார்: "சாப்பிட்டுட்டு வந்து எடுத்திருக்கக் கூடாதாங்க, எனக்கு உசுரே போயிடுச்சு!"

கண்டக்டர் அண்ணன்

கோவளம் பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறார். டாக்டர் சான்றிதழ் இல்லாமல் டிப்போவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். "நார்மல்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா போதும்மா, ரெண்டு மணிக்கு டூட்டி" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். தாளைப் பார்த்தேன். மேலறைகளின் சின்ன மேடுகள் ஒழுங்காக வருகின்றன. கீழறைகளின் உயரக் கோடுகள் அதோடு சம்பந்தமே இல்லாமல் நிமிஷத்துக்கு முப்பத்துச் சொச்சம்தான், எழுபதாவது இருக்க வேண்டியது.

டாக்டரம்மா பெருங்களத்தூர் நெரிசலில். போன் எடுக்கவில்லை. வரவேற்பில் இருக்கும் ஸ்டெல்லாவிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அது வரும்வரை அவரைப் பிடித்துவைக்க, தாள் சிக்கிவிட்டது என்று பொய் சொல்லி இரண்டாவது தடவை எடுத்தேன். மூன்றாவது தடவைக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தான் போட்டு பைக் சாவியை எடுத்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்த மனுஷன் மயங்கினால்? போனால் வேலை போகட்டும் என்று கதவை மறித்து நின்றுகொண்டு தாளை நீட்டினேன்.

"அண்ணா, மேல இருந்து உத்தரவு சரியா வருது. நடுவுல ஒரு இடத்துல கொஞ்சம் நின்னு, அப்புறம் ரெண்டு கிளையா கீழ எறங்கணும். உங்களுக்கு அந்த நடுவுல அறுந்துபோச்சு. கீழ் அறை தானா மெதுவா அடிச்சுக்குது. அதுவும் கொஞ்சம் நின்னா நீங்க விழறீங்க. இப்ப வண்டி ஓட்டக்கூடாது."

தாளை வாங்கிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. பிறகு பைக் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "அப்போ நான் விசில் ஊதிக்கினேதான் கீறேன், டிரைவருக்குக் கேக்கல, அவன் பாட்டுக்கு உருட்டிகினு போறான்... இன்னாமா, அதானே?"

ஆம்புலன்ஸில் போனவருக்கு, இதயத்தைத் தட்டித் துடிக்கவைக்கும் பேட்டரிக் கருவியான பேஸ்மேக்கரை வைத்து ஒரு வாரத்தில் நல்லபடியாக அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து நின்றபடியே ஊர் இதயத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஓட ஒரு பேட்டரியை எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.