சிலோன் பக்கம்

ஊர் உலகமெல்லாம் கைப்பேசியிலேயே படம் பார்க்கிற காலத்தில், ஆன்டெனா வாங்கக் கடை ஏறி இறங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் உயரமான அடுக்குமாடியில் எங்கள் வீடு. ஜன்னலோரம் சின்னதாக ஓர் ஆன்டெனாவை ஒட்டிவைத்தால் போதும், டிஜிட்டல் சேனல்கள் சும்மாவே வரும், தமிழும் உண்டு என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். சும்மா வருகிறது என்றால் விடுவேனா? மகன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். தட்டையாக ஒன்று, குச்சியாக ஒன்று, பூஸ்டர் வைத்தது ஒன்று என்று மேஜைமேல் பரப்பினார். இதில் எது நல்லது என்று கேட்டேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க ஜன்னல் எந்தப் பக்கம்க்கா? இந்த ஊரு வேணுமா, மலேசியா வேணுமா?"

எங்கள் ஜன்னலில் நின்றால் தண்ணீருக்கு அந்தக் கரையில் ஜோகூர் தெரியும். ஆன்டெனாவை அந்தப் பக்கமாகத் திருப்பிவைத்தால் அந்த நாட்டுச் சேனல்களும் கிடைக்குமாம். விலை கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இதே கேள்வியை நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலுப்பூர் டிவிக் கடையில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைக்காரர் வாயால் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதற்குப் பதில் சொன்னவள் என் அத்தை. போன வருஷம்தான் அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. அவளைக் கட்டியவர் கொழும்பில் சொந்தக்காரர் ஒருவரின் துணிக்கடையில் கணக்கு எழுதினார். அத்தையும் அங்கே போய்க் கொஞ்ச காலம் குடித்தனம் நடத்திவிட்டுத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை தங்கவில்லை. உடம்பு தேறிக் கப்பல் ஏறலாம் என்றிருந்தபோது அங்கே கலவரம். கடை எரிந்துபோனதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்ற பேச்சை அத்தையின் முன்னால் எடுக்க யாருக்கும் துணிவில்லை. அவளும் நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அத்தையிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அவுக வந்துரட்டும்." புதுச்சேலை எடுக்கலாமா? அவுக வந்துரட்டும். பழனிக்குப் போய்வரலாமா? அவுக வந்துரட்டும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள். டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிடுகிறேன், புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்வா என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தார். அதற்கும் அதே பதில். நானும் என் அண்ணனும் வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால்கூட "அவுக வந்துரட்டும்" என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். அந்த வயதில் அது எங்களுக்கு வேடிக்கைப் பேச்சு.

அப்பாவுக்கு இலுப்பூரில் உரக்கடை. கடலை விளைச்சல் நன்றாக இருந்த ஒரு வருஷம் டிவி வாங்குவது என்று முடிவாயிற்று. வீட்டோடு கிளம்பிப் போனோம். பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எளிதாக முடிந்துவிட்டது, இருந்ததே ஒன்றுதான். ஆன்டெனாவுக்கு வந்தபோதுதான் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க? கொடைக்கானலா, சிலோனா?"

எங்கள் ஊர்ப்பக்கத்து மண் அப்படி. மேற்கே திருப்பினால் கொடைக்கானல் மலையிலிருந்து வருகிற தமிழ் டிவி தெரியும். தென்கிழக்கே திருப்பினால் கடல் தாண்டி சிலோன் தெரியும். இரண்டுமே எட்டாத தூரம்தான், எட்டிப்பிடிக்க வேண்டும். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த இளவட்டங்கள் சிலோன் பக்கம் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் வேண்டும் என்கிற குடும்பஸ்தர்கள் கொடைக்கானல் பக்கம் வைப்பார்கள். மொட்டைமாடிகளைப் பார்த்தே அந்த வீட்டில் யார் சொல் செல்லுகிறது என்று சொல்லிவிடலாம்.

அப்பா கொடைக்கானல் என்று சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற அத்தை முந்திக்கொண்டாள்.

"சிலோன் பக்கம் வைக்கச் சொல்லுங்கண்ணே."

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். அம்மா அத்தையைப் பார்த்தாள், அத்தை தரையைப் பார்த்தாள். அது அக்கினி மூலையாச்சே என்று அப்பா இழுத்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஆன்டெனாவுக்கு ஏதுங்க மூலை? இது ரெண்டுக்கும் ஆவும். ஆனா ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் பாக்கும்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சரி, தங்கச்சி சொல்லுகிற மாதிரியே வையுங்கள் என்றார்.

எனக்கும் அண்ணனுக்கும் தலையில் இடி விழுந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் முதல்நாள் பார்த்த படத்தின் கதையைச் சொல்லும்போது எங்கள் வீட்டு டிவி சிங்களத்தில் செய்தி வாசித்த கதையை யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் தெளிவாகவா வந்தது? அரிசிமாவைச் சலித்துக் கொட்டினாற்போலப் புள்ளி புள்ளியாக, அதற்குப் பின்னால் மங்கலாக ஆட்கள் நடமாடுவார்கள். படம் பார்க்கலாம் என்று ஆசையாக வந்து உட்கார்ந்த கோடிவீட்டுப் பெரியவர், கொஞ்ச நேரம் பொறுத்துப்பார்த்துவிட்டு, "ஒங்க டிவி வேற பாஷை பேசுதேப்பா, கடையில குடுத்து மாத்திட்டு வந்துரு" என்று அப்பாவுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை மட்டும் அதன் முன்னால் சாயங்காலம் தவறாமல் உட்கார்ந்துவிடுவாள். மடியில் முறம் நிறையக் கடலை இருக்கும். கை பாட்டுக்குக் கடலையை உடைக்கும், கண் டிவியில் இருக்கும். கொழும்பில் குடியிருந்த காலத்தில் காதில் விழுந்த சிங்களம் அவளுக்கு மறக்கவில்லை. விளம்பரத்தில் எங்களுக்கு ஒன்றும் புரியாத இடத்தில் அவள் வாய்க்குள் சிரிப்பாள். கடைத்தெருவைக் காட்டினால் போதும், உடைப்பது நின்றுவிடும். அவள் எதைத் தேடினாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவம், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அம்மாகூட முணுமுணுப்பதை விட்டுவிட்டாள்.

ஓர் ஆடி மாதம் அது. செய்தியில் கொழும்புக் கோயில் தேர் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே கூட்டம். அத்தை சடாரென்று எழுந்தாள், முறம் கவிழ்ந்து கடலை வீடெல்லாம் உருண்டது. டிவியின் கண்ணாடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. அவுக."

அப்பா ஓடிவருவதற்குள் தேர் போய் யாரோ மந்திரி வந்துவிட்டார். இந்தப் புள்ளிக்குள் யாரைக் கண்டாய், உனக்குப் பிரமை என்றாள் அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தேரை முழுக்கப் போடப்போவதாகச் சொன்னார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அத்தை. வெளியே போன அப்பா சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. தங்கை புருஷன் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் பசி மறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது அத்தை கேட்டாள். "ஏண்டி, நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த. அவுக தோள்ல ஒரு பொம்பளப் புள்ள ஒக்காந்திருந்துச்சுல்ல?"

புள்ளியைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஜடையை இறுக்கி ரிப்பனைக் கட்டினாள். வலித்தது.

"ஒரு தடவ நல்லாத் தெரிஞ்சாப் போதும்டி. அப்பறம் நான் பாட்டுக்குப் படிக்கப் போயிருவேன்."

இது என்ன, சம்பந்தமில்லாமல் பேசுகிறாளே என்று தோன்றியது. மாமாவைப் பார்ப்பதற்கும் படிக்கப் போவதற்கும் என்ன இருக்கிறது? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாள் என்று நினைத்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடே ஒரு மாதிரியாக இருந்தது. அம்மா மல்லிகை வாங்கித் தொடுத்து வைத்திருந்தாள், புருஷன் முகத்தைப் பார்க்கப்போகிறவள் தலையில் பூ இல்லாமல் இருக்கலாமா என்று. அத்தை வேண்டாம் அண்ணி என்று சொல்லிவிட்டு, வீட்டில் உடுத்துகிற பழைய சேலையோடு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முறமும் இல்லை. கையை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிவியைப் போட்டார்கள். வெறும் புள்ளி. மாவு மாவாக, இரைச்சலோடு, ஓர் ஆள் நிழல்கூட இல்லை. அண்ணன் மாடிக்கு ஓடப்போனான். அப்பா அவனை அதட்டி உட்காரவைத்தார். ஆடிக்காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிட்டிருக்கும், நாளைக்குக் கடைக்காரரைக் கூட்டிவந்து சரி செய்யலாம், நீ ஏறி விழுந்துதொலையாதே என்றார். அத்தை முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். ஆன்டெனா நேர் மேற்கே பார்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றது.

அண்ணன் சும்மா இருக்காமல் சேனலைத் திருகினான். கண்ணாடி போலப் படம்! தமிழ்ப் படம், எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், கோடிவீட்டுப் பெரியவரும் வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு ஆன்டெனா திரும்பவே இல்லை. கடைக்காரரை அப்பா கூட்டிவரவும் இல்லை, அத்தை கேட்கவும் இல்லை. அவள் கடலை உடைத்தாள், எங்களை வளர்த்தாள், எங்கள் பிள்ளைகளையும் வளர்த்தாள். பிற்பாடு கேபிள் வந்தது, தட்டு வந்தது. எதற்கெடுத்தாலும் "அவுக வந்துரட்டும்" என்பது மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை. புதுக்கோட்டை பஸ் எங்கள் வாசலோடுதான் போய்வந்தது.

போன வருஷம் அவள் செத்தபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, தலைகொள்ளாமல் பூ வைத்தார்கள். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள், கொடுத்துவைத்தவள் என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் சொன்னாள்.

"காத்துமில்ல, ஒண்ணுமில்ல. ஒங்கப்பாதான் ஏறித் திருப்பிவச்சாக."

கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒருவர் டிவி வாங்குவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். மாமா பிழைத்துக்கிடக்கிறார், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு குடும்பமாக இருக்கிறார், ஒரு பெண்குழந்தையும் உண்டு என்று. தங்கையிடம் சொன்னால் கிணற்றில் விழுந்துவிடுவாளோ என்று அப்பா பயந்துபோய் மனதுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார். மங்கலாகத்தானே தெரிகிறது என்ற தைரியத்தில்தான் ஆன்டெனாவையும் அந்தப் பக்கம் வைக்க விட்டார். அந்தத் தேர் முழுக்கத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் திருப்பினார். சாகும்வரைக்கும் தங்கையைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லி அம்மா அழுதாள்.

தோளில் இருந்த குழந்தையை அத்தை முன்னமே பார்த்துவிட்டாள் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது தெரியாது. என்னிடம் மட்டும்தான் கேட்டாள், எனக்கோ அது ஜடை பின்னும்போது பேசுகிற பேச்சு. ஐயோ, ஒரே ஒரு தடவை நிச்சயமாகத் தெரிந்துகொண்டு எழுந்துபோகத்தான் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். பூ வேண்டாம் என்று சொன்னவளைப் பார்த்துக்கூட எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சிங்கப்பூர்க் கடைக்காரர் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் நின்றது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து அத்தை முற்றத்திலிருந்து வந்து என் பின்னால் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, சண்டைக் காட்சி.

"இனிமே இது இப்படித்தான் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை," என்றேன், அவளுக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு. "எவ்வளவு நல்லாத் தெரியுது, பாருங்க."