உள்ளே ஓடும் தேடல்

இன்று எங்கள் கல்முனை அலுவலகத்தில் கணினியில் வீட்டுத்திட்டப் பதிவு மறுபடியும் நின்று நின்றுதான் போனது. வெளியே வெயிலில் சனம்.

டேட்டாபேஸ் புள்ளிவிவரத்தில் நேரத்தைத் தின்பதாக ஒரே ஒரு புரொசீஜரின், அதாவது உள்ளே ஓடும் ஒரு சிறு நிரலின், பெயர்தான் தெரிந்தது. எழுதியவர் எங்களோடு வேலை செய்யும் றிப்கா.

"இந்தப் புள்ளைக்கு ஏலாட்டி வேற ஆளைப் பார்ப்பம்" என்றார் மேலாளர், றிப்காவின் முகத்துக்கு நேரே.



அந்தப் புள்ளிவிவரம் வெளியிலிருந்து கூப்பிடும் புரொசீஜரை மட்டுமே காட்டும். அது உள்ளுக்குள் கூப்பிடுகிறவற்றின் நேரமும் அதன் தலையிலேயே விழும். உள்ளே ஓடுகிறவற்றையும் தனித்தனியாகக் காட்டும்படி அமைப்பை மாற்றினேன்.

றிப்கா எழுதியது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நேரம் முழுவதும் போவது அதற்குள் ஓடும் இன்னொன்றில். சுனாமி வந்த கையோடு யாரோ எழுதியது. புதிதாக ஒருவரைப் பதியும்போதெல்லாம், சுனாமியிலும் சண்டையிலும் காணாமல் போனவர்கள் என்று வீட்டார் கொடுத்த பெயர்களோடு அவரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

"சண்டையும் முடிஞ்சி, முகாமையும் மூடியாச்சி. இன்னும் ஆரைத் தேடுது? நிப்பாட்டுங்க" என்றார் மேலாளர்.

அப்போதுதான் றிப்கா வாய் திறந்தார்.

"நிப்பாட்டாதீங்க சேர். எங்கட வாப்பாவையும் அதுதான் தேடுது."

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு றிப்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெதியா ஓட வைக்க ஏலுமா மகள்?"

"ஓம் சேர்."

அந்தப் பெயர்களைச் சட்டென்று தேடியெடுக்க ஒரு இன்டெக்ஸ் போட்டோம். வரிசை நகர்ந்தது.

இன்டெக்ஸ் இல்லாமல் இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். நிப்பாட்டியிருக்கலாமே என்று மட்டும் யாரும் கீழே கமென்டில் எழுத வேண்டாம். றிப்காவும் இதை வாசிப்பார்.