நான் சொன்ன யோசனைகளும் ஒரு சேலை மடிப்புக் கடையும்

சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று என் கணவர் கேட்டார். அந்தக் கோபத்தில்தான், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான இரண்டு நாள் முகாமுக்குப் பெயர் கொடுத்தேன். தொழில்தான், வேறென்ன? ஆபீஸில் சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லும் நாளில் பெங்களூரில் பாதிப் பெண்கள் பேயறைந்த மாதிரி நிற்பார்கள். முன்மடிப்பும் தோள்மடிப்பும் எடுத்து, சேஃப்டி பின் குத்தி, இஸ்திரி போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டால் அப்படியே செருகிக்கொண்டு கிளம்பிவிடலாம். அதை நான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்துகொண்டிருந்தேன். தட்டு வைக்க இடமில்லை என்று வீட்டில் தினமும் அதே பாட்டு.

எனக்கு வேண்டியது ஒரு கடை. அதையும் பார்த்து வைத்திருந்தேன். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த கிராஸ் தெருவில், முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த சின்ன அறை. வாடகைக்கு என்று போர்டு கிடையாது, புரோக்கர் கிடையாது. சொந்தக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் மாடியில் குடியிருந்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து காபி குடித்தேன். இன்ச் டேப் கொண்டுபோய் அறையை அளந்தேன். அங்கே உள்ள ஒயரிங் இஸ்திரிப் பெட்டியைத் தாங்குமா என்று விசாரித்தேன். கடை எனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. வயதில் மூத்தவரிடம் மொட்டையாக எப்படிக் கேட்பது? அளக்கிறவள் எதற்கு அளக்கிறாள் என்று அவருக்கே தெரியாதா என்ன?

முகாம் ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம் ஒரு பண்ணை வீட்டில் நடந்தது. நடத்தியவர் வெள்ளை ஷூ போட்ட இளைஞர். வந்ததும் முதல் காரியமாக எங்களைப் பயமுறுத்தினார். தொழில் யோசனை என்பது கைக்குழந்தையாம், கண்டவர் கையில் கொடுக்கக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை மேடையேறிச் சொல்லும்வரை என்ன தொழில், எந்த ஏரியா என்று யாரும் மூச்சுவிடக் கூடாது என்றார். அதனால் சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் அவரவர் தொழிலை ‘நம்ம இது’ என்றே பேசிக்கொண்டோம். தன்னுடைய இது எத்தனை நாளானாலும் கெடாது என்று ஒருவர் பெருமைப்பட்டார். தன்னுடையது மறுநாளே நாறிவிடும் என்று பக்கத்தில் நின்றவர் கவலைப்பட்டார்.

என் அறையில் என்னோடு தங்கியவள் பெங்களூரின் இன்னொரு கோடியில், ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருக்கும் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். பியூட்டி பார்லரில் வேலை. பையைக் கீழே வைப்பதற்குள் அக்கா என்று ஆரம்பித்து என்னிடம் யோசனை கேட்டாள். யோசனை கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அதுவும் அடுத்தவர் கடை என்றால் நான் சிங்கம்.

அவள் கடை போடப்போகிற ஏரியாவில் ‘நம்ம இது’வுக்கு வேறு கடையே இல்லையாம். வீட்டில் வைத்துச் செய்துகொடுக்கிற ஒரு ஆன்ட்டி மட்டும் இருக்கிறாராம். அவர் வேலை சுத்தம் என்று பார்லருக்கு வருகிறவர்கள் சொன்னார்களாம். அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

“அவங்களையெல்லாம் ஒரு ஆளா நெனைக்காதம்மா. டிவில சீரியல் பாத்துக்கிட்டே வேலை செய்வாங்க. சொன்ன டைமுக்கு நீ குடுத்தேன்னா எல்லாரும் உன்கிட்ட வந்துடுவாங்க” என்றேன்.

அந்த ஆன்ட்டியே வந்து கூட்டுச் சேரலாமா என்று கேட்டால் என்ன செய்வது என்றாள். உடனே தலையாட்டிவிடாதே, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல், பத்து நாள் இழுத்தடி, அந்த அம்மாவுக்கு வேகம் தணிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். இவ்வளவு விவரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

பிறகு கடைப் பேச்சு வந்தது. இடம் பார்த்துவிட்டாளாம், சொந்தக்காரர் நல்ல மாதிரியாம், ஆனால் கேட்கத் தயக்கமாக இருக்கிறதாம். திங்கட்கிழமை நேரில் போய் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் காலத்துப் பெண் இப்படியா இருப்பாள்?

“வாயத் தொறந்து கேக்காம அவருக்கு எப்படிம்மா தெரியும்? இப்பவே போன் போடு. கடை எனக்கு வேணும்னு சொல்லு. சுத்தி வளைக்காத.”

வெளியே போய்ப் பேசிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கொடுத்துவிட்டாராம். ஒரு ஏழைப் பெண்ணுக்கு வழிகாட்டிய பெருமையில் அன்று ராத்திரி இரண்டு குலாப்ஜாமூன் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை மேடைக்கு முதலில் போனவள் அவள்தான். பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே மடிப்பு வைத்த மைசூர் சில்க், பின் குத்தி, இஸ்திரி போட்டு. மேடையில் காட்ட என் மடியில் வைத்திருந்த பெட்டியைக் கைப்பையால் மூடினேன். அவள் ஈஜிபுராவில் இருந்தால் கடையும் ஈஜிபுராவில்தானே, அங்கேயும் சேலை கட்டுகிறவர்கள் இருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள், தான் வேலை பார்க்கும் பார்லர் இருக்கிற மல்லேஸ்வரம் என்றாள். பழைய ஜெராக்ஸ் கடை என்றாள். இந்த அக்கா மட்டும் இல்லையென்றால் இன்னும் கேட்டிருக்கவே மாட்டேன் என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

டீ இடைவேளையில் பெரியவருக்குப் போன் போட்டு, அந்தக் கடை எனக்கு வேண்டியிருந்ததே என்று கன்னடத்தில் சொன்னேன். முதல் தடவையாக.

“நீவு கேளலே இல்வல்லம்மா” என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே அம்மா. அவர் மனைவி போடும் காபிக்காக நான் வருகிறேன் என்று இருவரும் நினைத்தார்களாம். அளந்தது? எங்கள் வீட்டில் ஏதோ அறை கட்டப்போகிறோம், அதற்கு மாதிரி பார்க்கிறேன் என்று நினைத்தார்களாம். நாளைக்குக் காபிக்கு வாருங்கள் என்று வேறு சொன்னார். கைகழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

என் முறை வந்தது. மேடையேறிப் பெட்டியைத் திறந்தேன். அதே மைசூர் சில்க், அதே மடிப்பு, நிறம் மட்டும் பச்சை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. முன்வரிசையில் அவள் மெல்ல எழுந்து நின்றாள்.

“அந்த ஆன்ட்டி நீங்களாக்கா?”

“நான்தான். சீரியல் பாத்துக்கிட்டேதான் மடிப்பேன்” என்றேன்.

வெள்ளை ஷூக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வேனில் எனக்குப் பக்கத்து சீட்டு மட்டும்தான் காலியாக இருந்தது. அவள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேர் மடியிலும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. சில்க் போர்டு சிக்னலில் வண்டி வழக்கம்போல நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவள் இறங்கிவிடுவாள். ஒரு மழைக்காலம் முழுக்கக் காபி குடித்துப் பார்த்தாகிவிட்டது, போதும் என்று தோன்றியது.

“அந்தக் கடையில எனக்குப் பாதி வேணும். ரெண்டு பேருமா சேந்து நடத்தலாம்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீட்டுல கேட்டுச் சொல்றேங்க்கா” என்றாள்.