வடிவு வாசித்த கடைசிப் பக்கம்

வடிவு ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இரண்டே ஆண்டுகளில் கணவனை இழந்தாள். அதன்பின் முனிரத்தினம் வீட்டுத் தறிகளுக்கு ஊடை இழையை இராட்டையில் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். இவ்வளவுதான் அவள் என்றால் நான் எழுத முற்பட்டிருக்க மாட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு இராட்டையை முனிரத்தினத்தின் மனைவி பூவம்மாளிடம் விட்டுவிட்டு, ஓடும் இரண்டு தறிகளுக்கும் நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கதை வாசிப்பாள். நெய்கிறவர்களுக்குக் கையும் காலும் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். தறிச் சத்தத்துக்கு மேல் எழும் குரல் அவளுக்கு வாய்த்திருந்தது.

அவள் வாசித்த நூல்கள் கிளை நூலகத்தில் என் பெயரில் எடுக்கப்பட்டவை. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பெயர் வத்ஸலா. என் மகளின் கூறைப்புடவைக்குக் குஞ்சம் கட்டச் சின்னக் காஞ்சிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த வடிவு, புத்தக அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டாள். அன்று தொடங்கிய பழக்கம்.

1998ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அவள் எடுத்துச் சென்றது ஒரு குற்ற நாவல். நான் முன்பே படித்திருந்தேன். நண்பனைக் காட்டிக் கொடுத்துத் தானும் சிறை சென்ற ஒருவனை ஊரும் உறவும் தள்ளிவைக்கின்றன. அவன் படிப்படியாக இன்னும் கீழே போகிறான். முடிவில் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஆசிரியருக்கு இரக்கம் இல்லை, நேர்மை உண்டு. இதுவே என் கருத்து.

தறிக்கூடத்தில் எழுந்த கருத்துகளை அந்தோணி பிறகுதான் எனக்குச் சொன்னான். அவன் அங்கே இரண்டாம் தறியில் நெய்பவன்.

"தூ, இவன்லாம் ஒரு மனுசனா? ஒரே தட்டுல தின்னவனையே மாட்டி வுட்டுட்டானே" என்பாராம் முனிரத்தினம்.

அந்தோணி சொல்வானாம்: "எனக்கு எழுதனவன் மேலதாண்ணா கோவம். எட்டு நாளா வடிவு படிச்சிக்கினு இருக்குது, இன்னும் அந்தாளுக்கு ஒரு வேள நல்ல சோறு போடல."

"உனக்கு எப்பவும் சோறுதான்டா."

பூவம்மாள் இந்த வழக்கில் கலந்துகொள்வதில்லை. இராட்டையைச் சுற்றியபடி நாள்தோறும் ஒன்றையே கேட்பாள்: "அக்கா வூட்டுக்குப் போனானா, வடிவு?"

பூவம்மாளுக்கு இளவரசன் என்றொரு தம்பி. நெய்யக் கொடுத்த பட்டையும் சரிகையையும் விற்றுவிட்டு, கேட்க வந்த பங்காளியைக் கத்தியால் கீறி நான்காண்டு சிறையிலிருந்தவன். வெளியே வந்து செவிலிமேட்டில் ஒரு பஞ்சர் கடையில் படுத்திருந்தான். வீட்டில் சும்மா கிடக்கும் மூன்றாம் தறியில் அவனை உட்கார வைக்க வேண்டும் என்று பூவம்மாள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் காது கொடுக்கவில்லை.

கடைசி நாளன்று வடிவு வாசித்தாள்: அக்கா கதவைத் திறந்தாள், துண்டை எடுத்துக் கொடுத்தாள், "தலையைத் துவட்டு" என்றாள். தறிகள் நின்றனவாம். முனிரத்தினம் பூவம்மாளிடம், "சரி, அவளே தொறந்துட்டா. வெள்ளிக்கெழம வரச் சொல்லு உன் தம்பிய" என்றாராம்.

இவை ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. புதன்கிழமை நூலகத் தவணை முடிந்ததால் நூலை வாங்கிவர நானே போனேன். பூவம்மாள் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதுவரை கண்டதில்லை.

"டீச்சரம்மா, கத முடிவு சோக்கா இருந்துச்சிம்மா. எங்க அண்ணனே ஒத்துக்கினாரு" என்றான் அந்தோணி, முனிரத்தினத்தைக் காட்டி.

"எதை ஒத்துக்கொண்டார்?"

"அக்காக்காரி கதவத் தொறந்தாளே, அத்த."

"திறக்கவில்லையே" என்றேன். "அவள் கடைசி வரை திறக்கவே இல்லை."

"ரேடியோ நியூஸ் கணக்கா சொல்றீங்களேம்மா!" என்று அந்தோணி சிரித்தான்.

வடிவு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம் என்னும் அசைவு. நான் அதைப் பார்த்தேன். தவறு வெளிப்பட்டதில் கூசுகிறாள் என்று பொருள் கொண்டேன். "பக்கத்தைத் தவறவிட்டிருக்கிறாய், வடிவு" என்று கனிவாகவே சொல்லி, நூலை வாங்கி, கடைசிப் பக்கத்தை உரக்க வாசித்தேன். உள்ளே விளக்கு அணைகிறது. அவன் விடியும் வரை மழையில் நிற்கிறான். பின்பு தண்டவாளத்தை நோக்கி நடக்கிறான். என் உச்சரிப்பில் அன்று ஒரு குறையும் இல்லை.

முனிரத்தினம் மிதிபலகையிலிருந்து காலை எடுத்தார்.

"அப்போ, இல்லாததப் படிச்சியா நீ?"

"ஆமாண்ணா" என்றாள் வடிவு.

"எழுதனவனே தொறக்கல. நான் இன்னா இளிச்சவாயனா?" மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வெள்ளிக்கெழம யாரும் வர வாணாம்னு சொல்லியனுப்பு."

இராட்டையில் இழை அறுந்தது. பூவம்மாள் அதன் முனையைத் தேடவில்லை. வெறும் இராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் நூலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். தெருமுனை வரை உடன் வந்த அந்தோணிதான் எல்லாவற்றையும் சொன்னான்.

சனிக்கிழமை மீண்டும் போனேன். எழுபத்தொரு வயதில், முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பாடமாக நடத்திய நான், தறிக்குழியின் ஓரத்தில் நின்று, "அந்த நூலுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. முதற்பதிப்பில் அவள் கதவைத் திறக்கிறாள். நான்தான் மறந்துவிட்டேன்" என்றேன். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கி விழுந்தன.

முனிரத்தினம் நெய்வதை நிறுத்திவிட்டு, மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"வாணாம்மா. உங்களுக்குப் பொய் சொல்ல வரல" என்றார். குரலில் ஏளனம் இல்லை. "இவ தம்பி நேத்தே திருப்பூர் பஸ் ஏறிட்டான். வாசல்ல வந்து நின்னான். நாந்தான் போடான்னு அனுப்பிச்சேன்."

பூவம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினேன். அவள் இரு கைகளாலும் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

வாசலில் வடிவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தலைய ஆட்டனேனேம்மா" என்றாள்.

"பார்த்தேன்" என்றேன்.

அதன்பின் அவள் நூல் கேட்டு என் வீட்டுக்கு வரவில்லை. வாசிப்பதை விட்டுவிடவில்லை என்றான் அந்தோணி. பேருந்து நிலையத்துக் கடையில் மாத நாவல்களை வாங்கி வருகிறாளாம். ஒவ்வொரு கதை முடியும்போதும் முனிரத்தினம், "இது புக்குல இருக்கறதா, உன்னுதா?" என்று சீண்டுவாராம். "கேட்டுட்டு நீயே சொல்லுண்ணா" என்பாளாம் வடிவு. பூவம்மாள் மட்டும் மூன்று மணி ஆனதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாளாம். அந்த ஒரு மணி நேரமும் இராட்டை ஓடுவதில்லை.