விளக்கக்காவின் வலது கை

மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் விளக்கக்கா செய்கிற முதல் வேலை, ஒரு தண்ணீர் பாட்டிலை வலது கையில் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது. பாட்டில் மூடிவரை நிரம்பியிருக்கும். கொஞ்சம் குறைந்தாலும் தண்ணீர் குலுங்குகிற சத்தம் பதிவாகிவிடும். குடிப்பதற்கு அவளிடம் வேறு பாட்டில் உண்டு. டப்பிங் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"கையத் தூக்கினாத்தான் அவன் மூச்சு வருது. கீழ போட்டுட்டுப் பேசினா அது என் குரலாயிடுது," என்பாள்.

'அவன்' என்பது மாலையில் டிவியில் வரும் கார்ட்டூன் தொடரின் விளக்குப் பையன். அவனுக்குக் குரல் கொடுப்பதால்தான் அவள் விளக்கக்கா. வேறு மொழியில் எடுத்த படத்துக்கு இவர்கள் தமிழ் பேசுகிறார்கள். சூரியனை ஒரு டிராகன் விழுங்கிவிட, அதை மீட்கப் புறப்பட்ட ஐந்து பேரில் அவன் ஒருவன். நாட்டில் மிஞ்சியிருக்கும் கடைசி நெருப்பு அவன் விளக்கில்தான் இருக்கிறது. ஏற்றியவன் கையில் மட்டுமே அது எரியும். அதுவும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கும்வரைதான், தாழ்த்தினால் போயிற்று. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஐம்பதை நெருங்குகிற பெண் பேசுவது இந்தத் தொழிலில் அதிசயமில்லை. நிஜப் பையன்களை வைத்தால் பாதிக் கதையில் குரல் உடைந்துவிடும்.

கதைப்படி அவன்தான் நாயகன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விளம்பரத் தட்டியில் வாள்காரன் நடுநாயகமாக நிற்கிறான், டிராகன் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, விளக்குப் பையனுக்கு மூலையில் ஒரு முழங்கையும் கொஞ்சம் வெளிச்சமும். வாள்காரனுக்குப் பேசுகிறவர் தெருவில் இறங்கினால் குழந்தைகள் மொய்த்துக்கொள்கின்றன. அக்காவிடம் வருகிற குழந்தைகள் ஒரே கேள்விதான் கேட்கும்.

"ஆன்ட்டி, அவன் ஏன் சும்மாவே நிக்கறான்?"

"சும்மா நிக்கறானா? அவன் நிக்கறதாலதாண்டா உன் வாள்காரன் வாளைச் சுத்தறதே உன் கண்ணுக்குத் தெரியுது," என்று மல்லுக்கு நிற்பாள். இத்தனை வருஷமாக நின்று பார்த்தும் ஒரு பொடிசைக்கூடத் தன் கட்சிக்கு இழுக்க முடியவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் வீட்டிலேயே இருக்கிறார். அவள் கணவர் லாரி ஓட்டியவர். முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து கட்டில்தான் உலகம். காலையில் அவரைத் தோள் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, துணி மாற்றி, சாப்பாட்டை மூடி வைத்து, ரிமோட்டைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறாள். தூக்குவதும் அதே வலது கைதான். வலி தாங்காத நாட்களில் அவர் ரிமோட்டை வீசுவார். அவள் பொறுக்கி எடுத்து பேட்டரியை உள்ளே தள்ளித் திரும்ப வைப்பாள். பேசித் தீர்க்க இருவருக்கும் தெம்பில்லை. ஆனால் மாலைத் தொடரை மட்டும் அவர் விடுவதில்லை. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வாசிப்பார்.

"உன் ஆளு இன்னிக்கும் தேமேன்னு நின்னான்."

"நின்னான் இல்ல? அது போதும்," என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பாள். பல நாட்களில் அவர்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

சமீபத்தில் அந்த விளக்குப் பையனுக்கும் ஆபத்து வந்தது. தொடரில் சிரிப்புப் போதவில்லை என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். டப்பிங்கில் அதற்கு ஒரு சுலப வழி உண்டு. பேசுகிறவரின் வாய் திரையில் தெரியாத இடமாகப் பார்த்து, மூலத்தில் இல்லாத வசனத்தைச் செருகிவிடலாம். வாள்காரனுக்கு வாய் எப்போதும் பளிச்சென்று தெரியும். விளக்குப் பையன் முகம்தான் பாதி நேரம் விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே எல்லா ஜோக்கும் அவன் தலையில் வந்து விழுந்தது.

"கோமாளிக் குரல்ல வேணுமாம்க்கா," என்றார் டப்பிங் இயக்குநர். அவளைவிட இருபது வயது சின்னவர், தூக்கம் கெட்ட கண்கள். "ஒத்துவரலைன்னா இதே தொடர்ல அணிலுக்குப் பேசற பொண்ண வெச்சு முடிங்கன்னு சொல்றாங்க. எனக்கு வேற வழி தெரியல."

வீட்டு வாடகையும் மருந்தும் இந்தப் பையனை நம்பித்தான் ஓடுகின்றன. அக்கா கோமாளிக் குரலில் பேசினாள். நன்றாகவே பேசினாள். பேசிவிட்டு வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்தாள். குழந்தைகளிடம் மல்லுக்கு நிற்பதையும் அத்தோடு விட்டுவிட்டாள்.

கடைசிப் பாகத்தில் அவன் பேசுகிற கடைசிக் காட்சி வந்தது. பெரிய சண்டைக்கு முந்தைய இரவு. நான்கு பேரும் உறங்குகிறார்கள். விளக்குப் பையன் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், கை மேலே. மூலத்தில் அவனுக்கு ஒரு பெருமூச்சு மட்டுமே. முதுகு என்றால் வாயே கிடையாது, வசனம் எழுதுகிறவர் விடுவாரா?

"எல்லாரும் கொறட்டை விடுங்கடா, கரண்ட் பில்லு மட்டும் என் தலையில," என்றாள் அக்கா, கொடுத்த வசனத்தைக் கொடுத்தபடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் சிரித்தே விட்டார். டேக் ஓகே.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"தம்பி, சும்மா ஒண்ணு எடுத்துக்கலாமா? மூச்சு மட்டும். புடிக்கலைன்னா அழிச்சிடுங்க."

"எதுக்குக்கா?"

"இவ்ளோ நாள் ஒரு வார்த்தை மொனகாம தூக்கிப் புடிச்சிருக்கான். மாத்திப் புடிக்க ஆள் கெடையாது. இந்த ஒரு எடத்துலயாச்சும் அவனை மூச்சு விட விடுங்க. மத்த எடத்துலலாம் நான்தான் கோமாளியாப் பேசிட்டேனே."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இன்ஜினியரைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள். கை நடுங்க ஆரம்பிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மூச்சை விட்டாள். இரண்டில் எது ஒளிபரப்பாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. "பாக்கலாம்க்கா," என்றார் இயக்குநர்.

அது ஒளிபரப்பான மாலையில் அவளுக்கு வேலை இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காட்சி வந்தது. உறங்குகிற நான்கு பேர், ஒரு முதுகு, உயர்ந்த ஒரு கை. கணவர் உதட்டோரம் சிரிப்பை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். கொஞ்ச நாளாகப் பையன் அவரைச் சிரிக்க வைக்கிறான் அல்லவா. ஜோக் வரவில்லை. ஒரு மூச்சு வந்தது, நீளமாக, கடைசியில் லேசாக உடைந்து. அந்த மூச்சை அவர் டிவியில் கேட்டதில்லை. தன் முதுகுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கும்போது காதுக்குப் பக்கத்தில் தினமும் கேட்டிருக்கிறார்.

விளம்பரம் ஓடத் தொடங்கியது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏம்மா," என்றார், திரையைப் பார்த்தபடியே. "அவனுக்குக் கை வலிக்காதா?"

அவள் வலது கையை நீட்டி, கட்டிலில் அவர் பக்கமாக வைத்தாள்.